நாப்லாவின் செவிட்டுப் பக்கம்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் இறந்துபோனால் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றுகொண்டு சொல்வார்கள்: "நல்ல மனுஷன். ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவு குடுத்ததில்ல." அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிற எங்கள் கெர்ரியில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. மந்திரியாக இருந்தவரானாலும் சரி, மாடு மேய்த்தவரானாலும் சரி, இந்த ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் ஆள் நேராகச் சொர்க்கத்துக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். எனக்கு இதைக் கேட்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அப்படி ஆனதற்குக் காரணம் நாப்லா.

நான் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன். பெயர் டீர்மிட். வியாழக்கிழமை காலையில் மைக்கைப் பிடித்தேன் என்றால் கடைசி மாடு போகிறவரை வாய் மூடாது. பேசிப் பேசியே ஊர்க்காரன் காதைச் செவிடாக்குவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்பாள் நாப்லா. அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதற்குள் ஒரு பழைய சொல்லின் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் நாப்லாவைப் பற்றிப் பேச முடியாது.

எங்கள் பழைய மொழியான ஐரிஷில் 'பௌர்' என்றால் செவிடு. ஒருவன் ஓயாமல் பேசி உயிரை எடுத்தால் 'என்னைப் பௌர் ஆக்காதே' என்போம். ஆங்கிலம் எங்கள் தலையில் ஏறி உட்கார்ந்த காலத்தில் எங்கள் முன்னோர்களுக்கு வாயில் ஆங்கிலமும் மனசில் ஐரிஷும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் குழப்பத்தில் இந்தச் சொல்லும் பாதி உருமாறி 'பாதர்' என்று, 'டோன்ட் பாதர் மீ' என்கிறார்களே அந்தப் பாதராக, ஆங்கில வினைச்சொல்லாகிவிட்டது. ஆரம்பத்தில் இரைச்சலால் ஒருவரைத் திணறடிப்பது என்றுதான் அதற்குப் பொருள். கடல் தாண்டி லண்டனுக்குப் போனதும் தொப்பி மாட்டிக்கொண்டு, பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டு, தொல்லை கொடுப்பது, கவலைப்படுவது, சிரமம் எடுத்துக்கொள்வது என்று ஊருக்கொரு வேஷம் கட்டியது. கடைசியில் 'உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்' என்று கையைப் பிசைந்துகொண்டு எங்களிடமே திரும்பி வந்தது. அகராதிக்காரர்கள், ஒருவேளை ஐரிஷிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒருவேளையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எங்கள் பெரியவர்கள் பேசிய ஆங்கிலத்தில் 'பாதர் ஆனவள்' என்றால் காது கேட்காதவள் என்றே பொருள்.

ஆக, தொந்தரவு என்பது அடிப்படையில் அடியோ உதையோ இல்லை. ஒருவர் பேச வேண்டும், இன்னொருவருக்குக் காது வலிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு இரண்டு பேர் தேவை என்பதைத்தான் நாங்கள் மறந்துவிட்டோம்.

நாப்லாவுக்கு அந்தச் சொல் பெயரிலேயே ஒட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். ஆளைப் பிரித்தறியப் பட்டப்பெயர்தான் வழி. இவள் நாப்லா வௌர். பெண்ணின் பெயருக்குப் பின்னால் வந்தால் பௌர் அப்படி மெலிந்துவிடும். சின்ன வயதில் தட்டம்மை வந்து இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது பாம்புக் காது. எங்கள் தீவில் பாம்பு கிடையாது. இருந்திருந்தாலும் இவளிடம் தோற்றிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இடது காது வாத்தியார் பக்கம் இருக்கிற மாதிரி பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாளாம். அதனால்தான் தனக்கு வாய்ப்பாடு தெரியாது என்பாள், துளி வருத்தமில்லாமல். பிறகு டைக் என்ற லாரிக்காரனைக் கட்டிக்கொண்டாள். டைக் குறட்டை விட்டால் பக்கத்துப் பண்ணையில் நாய் குரைக்கும். இவள் நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். "எங்க கல்யாணம் நெலச்சது சர்ச்சால இல்ல, தட்டம்மையால" என்று கல்யாண வீடுகளில் புதுப்பெண்ணிடம் சொல்லிப் பாதிரியாரை நெளிய வைப்பாள். டைக் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்த பிறகு, தூக்கம் வரவில்லை என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். கேட்காத சத்தத்துக்கு எப்படிடா ஏங்குறது என்று கேட்டாள். 

சந்தைக் கேன்டீன் அவளுடையது. வியாழக்கிழமை தோறும் பன்றிக்கறி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, தார் மாதிரி கறுத்த டீ, ஆப்பிள் டார்ட். வேறு எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் இடது காதைத் திருப்பிக்கொள்வாள். கவுண்ட்டரின் கோடியில் நின்றுதான் அவள் கிழங்கு சீவுவாள். அவளுக்கு இடது பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் உயர ஸ்டூல்.

ஒரு நாள் பார்ட்லி என்ற வயதான பிரம்மச்சாரி விவரம் தெரியாமல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். தானும் தன் அண்ணனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமலே காலம் தள்ளுவதைப் பற்றி மூக்கைச் சிந்திச் சிந்திப் புலம்பினான். முடித்துவிட்டு, "நீயே சொல்லு நாப்லா, தப்பு யார் மேல?" என்று கேட்டிருக்கிறான். அவள் தற்செயலாகத் திரும்பி, "அட, நீ எப்படா வந்த?" என்றாள். கேன்டீனே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் பார்ட்லி வெளியே வந்து என்னிடம் வேறு மாதிரி சொன்னான். "நெஞ்சுல இருந்த கல்ல எறக்கி வெச்ச மாதிரி இருக்குடா. அவளுக்கு ஒண்ணும் கேக்கல பாரு, அதான் விசேஷம்."

அடுத்த வாரம் வேறொருவன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த வாரம் இன்னொருவன். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அது பாட்டுக்கு வழக்கமாகிவிட்டது. எங்கள் ஆட்கள் அப்படி. மாட்டுக்கு வயிறு உப்பினால் ஊரைக் கூட்டுவான். தனக்கு நெஞ்சு வெடித்தால் வானிலையைப் பற்றிப் பேசுவான். அப்படிப்பட்டவர்கள் வரிசையாக வந்து அந்தச் செவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கோப்பையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். நாப்லா திரும்ப மாட்டாள். கிழங்கு சீவிக்கொண்டே இருப்பாள். ஸ்டூலிலிருந்து எழுந்தவன் முன்னால், முகத்தைப் பார்க்காமலே, ஆப்பிள் டார்ட் ஒரு துண்டைத் தள்ளி வைப்பாள்.

"அவனுங்க என்னதான் சொல்றானுங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான்தான் செவிடாச்சே."

"ஒரு யூகம்கூடவா இல்ல?"

"டேய், குப்பைத்தொட்டி எதையாச்சும் பிரிச்சுப் பாக்குமா? போ, போய் உன் மாட்டக் கவனி."

முரிஷ் மட்டும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததே இல்லை. மலைச்சரிவில் கடைசி வீடு அவனுடையது. கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டான். அவள் போன பிறகு மாடுகளோடு தனியாக இருந்தான். யாருக்கும் தொந்தரவு தராத மனிதன் என்று உயிரோடு இருக்கும்போதே பெயர் வாங்கியவன். ஒரு சனிக்கிழமை கை மணிக்கட்டு உடைந்துபோனது. டாக்டர் ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருப்பாரே என்று திங்கட்கிழமை வரைக்கும் துணியைச் சுற்றிக்கொண்டு பால் கறந்தான். புகைபோக்கியில் தீப்பிடித்தபோது தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடவில்லை. அவர்கள் சாப்பிடுகிற நேரமாம். இதையெல்லாம் நாங்கள் கதை கதையாகச் சொல்லிச் சிரிப்போம், மெச்சுவோம். செவிட்டுக் காதைக்கூடத் தொந்தரவு செய்ய மாட்டான் எங்கள் முரிஷ் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இந்த நிலையில் சந்தை முற்றத்தில் மாட்டு லாரி ஒன்று நாப்லாவின் இடது பக்கமாகப் பின்னோக்கி வந்து, மயிரிழையில் நின்றது. அவளுடைய மகள் ஈலீஷ் கார்க் நகரத்தில் நர்ஸ். செய்தி கேட்டு ஓடிவந்து, காது மெஷின் வைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"எனக்கு ஒரு காது போதும்டீ. அதுல கேக்கறதே தாங்க முடியல."

"எனக்கு ஒரு அம்மாதாம்மா இருக்கா. அடுத்த தடவ லாரி நிக்காது."

நாப்லா தோற்றுப்போனாள். செவிட்டுக் காதுக்குப் பின்னால் அவரை விதை மாதிரி ஒன்று, நல்ல காதுக்குப் பின்னால் ஒன்று. இந்தப் பக்கத்துச் சத்தத்தைப் பிடித்து அந்தப் பக்கம் அனுப்பிவிடும். தலையில் கட்டிய துணிக்குள் வெளியே தெரியாது. அதை மாட்டிக்கொண்டு சந்தைக்கு வந்த முதல் வியாழக்கிழமை காலையில் என்னைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

"உன் சத்தம் இப்ப ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வருதுடா. எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனையோ."

"ஸ்டூலுக்கு என்ன பண்ணப்போற?"

"யாராச்சும் வந்து உக்காந்தா கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்குவேன். நான் அவனுங்களுக்கு வாக்கு ஒண்ணும் குடுக்கல. ஆனா குடுத்த மாதிரிதான்."

அன்றைக்கு என்று பார்த்து முரிஷ் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். நாப்லாவின் இரண்டு கைகளும் தொட்டித் தண்ணீருக்குள் இருந்தன. மெஷினில் ஈரம் படக் கூடாது என்று ஈலீஷ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கையைத் துடைக்கத் துணியைத் தேடுவதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். அவன் சொன்னதில் கொஞ்சத்தைப் பிற்பாடு அவனே என்னிடம் சொன்னான். எழுதிக்கொள் என்றும் சொன்னான். அதனால் எழுதுகிறேன்.

"இன்னிக்கு எல்லாத்தையும் வித்துடுறேன், நாப்லா. மாடுங்க பட்டினி கெடக்கக் கூடாது பாரு. வீட்டக் கூட்டி வெச்சுட்டேன். சாவி ஜன்னல்ல இருக்கு. நாளைலேர்ந்து என்னால யாருக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். உனக்குத்தான் கேக்காதே."

கன்றுகளின் ஏலம் முடிந்து, பசுக்களின் ஏலத்துக்கு முன்னால் டீ குடிக்க நான் உள்ளே வந்த நேரம் அது. முரிஷ் எழுந்து, கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு நாப்லாவின் வலது பக்கம் வந்து, எல்லாரையும் போல உரக்கச் சொன்னான்: "நல்ல டீ, நாப்லா. வரேன்." என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். நாப்லா அவனுக்கு டார்ட் வைக்கவில்லை. கையிலிருந்த கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தாள். அது கோலிக்குண்டு அளவுக்கு வந்த பிறகும் சீவினாள்.

"முரிஷ் எத்தன மாடு கொண்டாந்திருக்கான்?" என்றாள்.

"எல்லாத்தையும்தான். வயசாகுதில்ல, ஓய்வெடுக்கப் போறான் போல."

"ட்ரிமனையுமா?"

ட்ரிமன் முதுகில் வெள்ளைக் கோடு ஓடுகிற கிழட்டுப் பசு. அவன் அம்மா கையால் வளர்த்தது. பால் வற்றிப் பல காலமாயிற்று. அதை விற்றால் கறிக்குத்தான் போகும். "ஆமா, அதையும்தான்" என்று சொல்லும்போதே எனக்கு ஏதோ நெருடியது. ஆனால் நெருடியதோடு சரி. நான் வேகமாக மாடு விற்கத் தெரிந்தவன், வேகமாக யோசிக்கத் தெரிந்தவன் இல்லை.

"விக்காத, டீர்மிட்."

"என்ன நாப்லா, சொந்தக்காரன் சொல்லாம நான் எப்படி நிறுத்த முடியும்? என்ன விஷயம்?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. "நான் வாயத் தொறந்தா அந்த ஸ்டூல் இன்னியோட செத்துச்சு. இத்தன வருஷமா இவ கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கான்னு ஒவ்வொருத்தனும் நெனப்பான். ஒருத்தனும் என் மூஞ்சிய நிமிந்து பாக்க மாட்டான்."

"தொறக்கலன்னா?"

 வெளியே மணி அடித்தது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

எங்கள் சந்தையில் விலை எவ்வளவு ஏறினாலும், சொந்தக்காரன் வாயைத் திறந்து விற்கலாம் என்று சொன்னால்தான் என் சுத்தியல் விழும். அதற்காக ஏல மேடையில் அவன் என் பக்கத்திலேயே நிற்பான். முரிஷும் வந்து நின்றான். சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான். முதல் மாடாக ட்ரிமனைத்தான் அனுப்பச் சொல்லியிருந்தான். அது மேடைக்கு முன்னாலிருந்த கம்பி வட்டத்துக்குள் வந்து, மரத்தூளை முகர்ந்துவிட்டு, தலையைத் தூக்கி எங்கள் மேடையைப் பார்த்து நின்றது. முரிஷ் அதைப் பார்க்கவே இல்லை. கறிக்கடை வியாபாரி ஒருவன் விரலைத் தூக்கினான். வேறு விரல் எழவில்லை. நான் முரிஷிடம் திரும்பினேன்.

"விக்கலாமா?"

அவன் வாயைத் திறக்கிற நேரத்தில் வட்டத்தின் கதவு கிறீச்சிட்டது. நாப்லா உள்ளே வந்தாள். இடுப்பில் ஈரத் துணியும் கையில் ஒட்டிய கிழங்குத் தோலுமாக வந்து பசுவின் பக்கத்தில் நின்றாள். சந்தை நாளில் அவள் கேன்டீனை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

"ஏ டீர்மிட், இது எந்த இனம்டா?" என்று கம்பியருகே ஒருவன் கத்தினான்.

"மொதல்ல பல்லப் பாத்து வயசச் சொல்லு!" என்றான் இன்னொருவன்.

"உன்ன வளத்ததவிட ஒரு கழுதைய வளத்திருக்கலாம்னு உன் அம்மா சொன்னப்ப எனக்கு நல்லாவே காது கேட்டுச்சு. சும்மா இரு" என்றாள் நாப்லா. பிறகு தலைத்துணியை அவிழ்த்து, இடது காதிலிருந்து மெஷினைக் கழற்றி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"இத நல்லாப் பாத்துக்குங்க. இன்னிக்குக் காலைலேர்ந்து எனக்கு இந்தப் பக்கமும் காது கேக்குது."

இரைச்சல் நின்றது. மேடையிலிருந்து எனக்கு எல்லா முகமும் தெரிந்தது. பாதிப் பேர் தொப்பியைச் சரிசெய்தார்கள், மீதிப் பேர் பூட்ஸைப் பார்த்தார்கள். பெரிய காளைக்கு முன்னால் அசராமல் நிற்கிற ஆட்கள் அவர்கள். அன்றைக்குப் பயந்துபோயிருந்தார்கள்.

"இன்னிக்குத்தான் மொத நாள். அதுக்கு முன்னால சொன்னது ஒரு எழுத்துகூட என் காதுல விழுந்ததில்ல. என் டைக் மேல சத்தியம்."

"அப்ப எங்க அண்ணன் விஷயம்?" என்று பார்ட்லியின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"நீ சொன்னப்ப நான் செவிடுடா, பார்ட்லி. உங்க அண்ணன் விஷயத்த உங்க அண்ணனே வலது பக்கம் வந்து சொல்லிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் மூச்சு வந்தது. நாப்லா சிரிக்கவில்லை. அடங்கும்வரை பசுவின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ஒருத்தன் வந்து உக்காந்தான். பேரச் சொல்ல மாட்டேன். எனக்குக் கேக்காதுன்னு நம்பிச் சொன்னான், கேட்டுருச்சு. கை ஈரமா இருந்துச்சு, கழட்ட முடியல. அதுக்கு அவன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன். கேட்டதுக்குத்தான் மன்னிப்பு. இப்ப பேசுறதுக்கு இல்ல."  மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. பசுவைப் பார்த்தே பேசினாள். "அவன் யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டானாம். இந்தப் பாடத்த அவனுக்கு யாருடா சொல்லிக்குடுத்தது? நாமதான். கை ஒடஞ்சு நின்னப்ப பலே பலேன்னோம். வீடு எரிஞ்சப்ப இவனல்லவோ மனுஷன்னோம். இப்ப அவன் சரியாக் கணக்குப் போட்டு வந்து நிக்கிறான், மிச்சத்தையும் தொந்தரவில்லாம முடிச்சுடலாம்னு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பக்கத்தில் நின்றவனின் மூச்சு மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மைக்கைக் கையால் பொத்தினேன்.

"எனக்கு ஒரு காது முன்னமே போச்சு" என்றாள் நாப்லா. "இன்னொண்ணு இருக்கு. வந்து அதையும் செவிடாக்குடா. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லு. தூக்கம் வரலன்னா என்ன எழுப்பிச் சொல்லு. நான் கேக்காம எங்க போயிடப் போறேன்? என் பக்கத்துல யாராச்சும் தொந்தரவு பண்ணி எத்தனையோ காலமாச்சு."

யாரும் மேடையைப் பார்க்கவில்லை. யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும், நூறு பேர் இருந்த அந்த இடத்தில் ஒரு தலைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி நான் எவ்வளவோ குறை சொல்வேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று தோன்றும்.

நான் திரும்பி, தொழில்முறையில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். வேறு எதையும் கேட்க எனக்குத் தெரியவில்லை.

"முரிஷ், விக்கலாமா?"

அவன் உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது. "இல்ல."

"இந்தப் பசுவையா?"

"எதையுமே விக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவ அடுப்புல கறி கொதிக்குது, டீர்மிட். தீஞ்சுடப் போகுது. நான் போயிப் பாக்குறேன்."

அன்று மத்தியானம் கேன்டீன் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டார்கள். ஊரே பசியோடு இருந்தது, ஒருவரும் கதவைத் தட்டவில்லை. ஈலீஷ் காரில் வந்து முரிஷை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வசந்தம் வரைக்கும் அவனுக்குச் சிகிச்சை நடந்தது. அவன் மாடுகளை நாங்கள் முறை வைத்துக்கொண்டு பார்த்தோம். போனில் அழைத்து, "உங்களுக்கெல்லாம் தொந்தரவா இருக்கே" என்பான். "ஆமாடா, பெரிய தொந்தரவுதான். உன் ட்ரிமன் என் முட்டியப் பேத்துட்டா" என்று நான் கத்துவேன். கத்தும்போது மனசுக்கு நன்றாக இருக்கும்.

ஏன் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாய், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு நாப்லாவிடம் கேட்டேன்.

"தனியாக் கூப்பிட்டா 'ஒண்ணுமில்ல நாப்லா, சும்மா சொன்னேன்'னு சிரிச்சுட்டுப் போயிருப்பான். அவன எனக்குத் தெரியாதா? அதோட, காது கேக்குறத மறச்சு வெச்சுக்கிட்டு மத்தவனுக்கெல்லாம் டார்ட் குடுத்துக்கிட்டிருந்தா நான் என்ன பொம்பள?"

அவள் பயந்தது நடந்தது. இடது பக்கத்து ஸ்டூல் காலியாகக் கிடந்தது. ஆட்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு அது வலித்தது. அதை மறைக்கவும் இல்லை. "நல்ல ஸ்டூல்டா அது" என்று அடிக்கடி சொல்வாள், இறந்த ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பிறகு ஒரு வியாழக்கிழமை மெஷினைக் கழற்றி ஒரு சாஸரில் போட்டு, கவுண்ட்டரின் நடுவில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தாள். சாஸரில் மெஷின் கிடந்தால் அவள் இடது பக்கம் செவிடு என்று அர்த்தம். சில வாரம் போனது. ஒருநாள் பார்ட்லி சாஸரை எட்டிப் பார்த்தான், விரலால் தொட்டுப் பார்த்தான், போய் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

முரிஷ் திரும்பி வந்த பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. தனக்கென்று ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து வலது பக்கம் போட்டுக்கொண்டான். மழை, வைக்கோல், பல் வலி, அம்மாவின் கடைசி நாட்கள், ஆஸ்பத்திரியில் கொடுத்த சூப்பில் உப்பில்லாதது, எல்லாம் பேசினான். அத்தனை வருஷம் பேசாததைச் சேர்த்துவைத்துப் பேசினான். "என் காதத் தின்னுட்டான்டா உன் முரிஷ்" என்று நாப்லா என்னிடம் முறையிடுவாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

போன குளிர்காலத்தில் நாப்லா போய்விட்டாள். தூக்கத்தில், நல்ல காதைத் தலையணையில் அழுத்தியபடி. வழக்கப்படி வீட்டின் முன்னறையில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். சின்ன அறை, பெட்டியின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. மற்றப் பக்கம் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். அது அவளுடைய இடது பக்கம். ஒவ்வொருவனும் குனிந்து, பிரார்த்தனை செய்கிற சாக்கில், அவள் இடது காதில் எதையோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்தான். ஈலீஷ் வெகுநேரம் கவனித்துவிட்டு என்னிடம், "இவங்கல்லாம் என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். "உங்கம்மாவுக்கே தெரியாது" என்றேன்.

முரிஷின் முறை வந்தது. அவன் குனியவில்லை. பெட்டியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பின்னால் வாசல் தாண்டி நின்ற வரிசையைப் பார்த்தான். வாழ்நாளில் ஒரு குவளைத் தண்ணீர்கூட யாரிடமும் கேட்டறியாத அந்த மனிதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறைக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

"எல்லாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்கணும். ஆளுக்கொரு கை புடிச்சுப் பெட்டிய இந்தப் பக்கம் நகத்துங்க. நான் அந்தப் பக்கம் போகணும். இந்தப் பக்கம் அவளுக்குக் கேக்காது."

மாலைகளை எடுத்து, மெழுகுவர்த்திகளை எடுத்து, நாற்காலிகளை வெளியே அனுப்பி, ஆறு பேர் சேர்ந்து நகர்த்தினோம். அவன் வலது பக்கம் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். நாங்கள் காத்திருந்தோம்.